இரண்டு ஜி.பி.யில் பதினான்கு பேர்

1

என் கையில் இருக்கும் துண்டுச் சீட்டில் 147 என்று அச்சாகியிருக்கிறது. சுவரில் தொங்கும் திரை 112 என்கிறது. வெளிநாட்டவர் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஜெர்மனிக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு வருடம். எனக்குக் கிடைத்திருப்பது நிரந்தரத் தங்கும் அனுமதி. அனுமதிக்கு ஆயுள் கெட்டிதான், அதை அச்சடித்த பிளாஸ்டிக் அட்டைக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது. ஆகவே நான் நிரந்தரமானவன் என்பதை மறுபடியும் நிரூபிக்க மூன்று படிவங்களோடும் ஒரு புகைப்படத்தோடும் வந்திருக்கிறேன். புகைப்படத்தில் சிரிக்கக்கூடாது.

முதன்முதலாக இதே கட்டடத்துக்கு வந்தபோது கவுண்டரில் இருந்த அம்மாள், "குடும்ப நிலை?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். "எல்லாரும் சௌக்கியம், கம்பத்தில் மழைதான் அதிகம், அக்காவுக்குக் கொஞ்சம் இருமல்" என்று நான் மூன்று வருடம் கற்ற ஜெர்மன் முழுவதையும் செலவழித்துப் பதில் சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "இருமலுக்கு இஞ்சி நல்லது" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டத்தில் டிக் அடித்தார். அன்றிலிருந்து இந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு பிரியம்.

ஆனால் இன்றைக்கு என் கவனம் திரையில் இல்லை, கைபேசியில். கம்பத்துக்கு மேலே, மெட்டு என்கிற மலைச்சாலை ஏறினால் வரும் கேரள மலையில், ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், என் அக்காவுக்கு இன்று பரீட்சை. அவளோடு எனக்கும்.

2

அக்கா பெயர் பாண்டியம்மாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கம்பத்திலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஜீப்புக்கு அக்காதான் கங்காணி. ஆள் சேர்ப்பதும், கூட்டிப்போவதும், எந்தப் பகுதியில் காய் எடுப்பது என்று தோட்டத்து மேனேஜரிடம் கேட்டு வந்து சொல்வதும், அத்தனை பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குவதும் அவள் வேலை. ஓட்டுநர் காசி பக்கத்து முன்சீட்டு அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அக்காவையும் காசியையும் சேர்த்தால் பதினாறு பேர். அந்த வண்டியில் சட்டப்படி எத்தனை பேர் போகலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். எப்படிப் போகிறார்கள் என்று வேண்டுமானால் சொல்கிறேன். சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவள் உள்ளே மூலையில் உட்காருவாள். முதலில் இறங்குகிறவள் கதவோரம். தூக்குப்போணிகளும் கம்பளி மூட்டைகளும் கூரைக் கம்பியில் கட்டப்படும். குடையைக் கையில் வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி கிடையாது, ஏனென்றால் குடை ஒரு ஆள் இடத்தை அடைக்கும் என்பது அக்காவின் கணக்கு. இந்த வரிசையை அவள் எந்தத் தாளிலும் எழுதி வைத்ததில்லை. ஒருத்தி புதிதாகச் சேர்ந்தால், அவள் ஊரைக் கேட்ட அந்த நொடியே அவளுக்கு எந்த மூலை என்று அக்கா சொல்லிவிடுவாள்.

நான் படித்துப் பட்டம் வாங்கி, கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் மலிவு விலை டேப்லெட்டுகளுக்குள் மென்பொருளை அடக்குகிற வேலைக்கு இந்த ஊருக்கு வந்தேன். குறைந்த நினைவகத்தில் நிறைய வேலையைத் திணிப்பதுதான் என் பிழைப்பு. அக்கா செய்வதும் அதுதான் என்று எனக்கு உறைக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

3

போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்குக் காது வேகமாக மந்தமாகிவிட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஜீப்புக்குள் அதை மாட்டினால் இன்ஜின் சத்தம் மட்டும் பத்து மடங்காகக் கேட்கிறது என்று கழற்றி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். போனில் பேசுவதும் மாறிப்போனது. அவள் பேசி அனுப்புவாள், நான் எழுதி அனுப்புவேன்.

தோட்டத்தில் காட்டிக்கொள்ளாமல் சமாளித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் மேனேஜர் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தே வேலை நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் மேனேஜர் கிழக்குப் பக்கம் கையை நீட்டினார். அவர் சொன்னது, "அங்ஙோட்டு போகண்டா, மருந்நு அடிச்சிட்டுண்டு." அதாவது, அந்தப் பக்கம் போகாதே, பூச்சிமருந்து அடித்திருக்கிறது. அக்கா கையை மட்டும் பார்த்துவிட்டு, பதினான்கு பேரையும் நேராக அந்தப் பக்கமே அழைத்துப் போய்விட்டாள். ராசாத்தி என்கிற பெண் பின்னாலிருந்து கத்தி, ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் மறுநாள் காசியிடம் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் ராசாத்தி ஆள் கூட்டி வரட்டும், பாண்டியம்மா பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் மாதிரி காய் எடுக்கட்டும் என்று.

அன்றைக்கு அக்கா அனுப்பிய குரலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "வேலை போகலலே. வேலை இருக்கு. ஆனா பின்னாடி உக்காந்தா நான் யாருன்னு எனக்கே தெரியாதுலே தம்பி. அவளுக நல்லவளுகதான். பாவப்பட்டு எனக்கு எடம் விடுவாளுக பாரு, அதத்தான் தாங்க முடியாது."

எனக்கும் தாங்கவில்லை. "ஒரு வாரம் பொறு, மேனேஜர் பேசுவதை எழுத்தாகக் காட்டுகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன்" என்று உடனே எழுதிவிட்டேன். வாய்க்கொழுப்பு என்பது எழுத்திலும் வரும் என்று அன்றுதான் கண்டேன்.

4

பேச்சை எழுத்தாக்கும் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை பேச்சை எங்கோ இருக்கும் பெரிய கணினிக்கு அனுப்பித்தான் எழுத்தாக்கும். மெட்டு ஏறிய பிறகு டவர் கிடையாது. தோட்டத்தில் காய் காயவைக்கும் ஸ்டோர் பக்கம் நின்றால் மட்டும் இரண்டு கோடு வரும். ஆகவே கேட்பதும் எழுதுவதும் அக்காவின் மடியில் இருக்கும் டேப்லெட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

அவளிடம் இருந்தது இரண்டு ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய டேப்லெட். ஜீப்புப் பெண்கள் அதைச் சிலேட்டு என்பார்கள். இத்தகைய டேப்லெட்டுகளின் சிப் கொஞ்சமாக மின்சாரம் குடித்து நாள் முழுக்க ஓடும்படி செய்யப்பட்டது. நினைவகம் என்பது சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கேட்கிற சாதி, விலையும் கூட. ஆகவே குறைவாக வைத்து, பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. அந்த இரண்டில் பாதிக்கு மேல் டேப்லெட்டின் சொந்த வீட்டு வேலைக்கே போய்விடும். மிச்சத்தில்தான் தமிழும் மலையாளமும் தெரிந்த ஒரு காதை உட்கார வைக்க வேண்டும்.

இடம் போதாவிட்டால் டேப்லெட் புலம்பாது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் இப்போதைக்குத் தேவையில்லை என்று அதற்குத் தோன்றுவதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். முதல் நாள் அது வெளியே தள்ளியது என் செயலியை. நான்காவது வளைவில் திரை கறுத்துவிட்டது என்று அக்கா தகவல் சொன்னாள்.

நான் பதில் எழுதுவதற்குள் அவள் கடைத்தெருவில் விசாரித்து, ஒரு கடைக்காரர் எழுதிக் காட்டியதை நம்பி, அறுபத்து நான்கு ஜி.பி. கார்டு வாங்கிச் செருகிவிட்டாள். "இப்ப முப்பது மடங்கு பெருசாயிருச்சுலே, கடைக்காரரு சொன்னாக" என்று ஒரே குதூகலம். கார்டு என்பது கூரைக் கம்பி, நினைவகம் என்பது உள்சீட்டு, கூரையில் மூட்டை எவ்வளவு கட்டினாலும் உள்ளே ஒரு ஆள்கூட அதிகமாக உட்கார முடியாது என்று எழுதினேன். பிறகு, "அந்தாளு கடையில அடுத்தவாட்டி நானே வெளக்கிச் சொல்றேன்" என்று வந்தது.

5

அடுத்து நான் செய்தது சுருக்குகிற வேலை. பேச்சை அடையாளம் காண அந்தச் செயலிக்குள் கோடிக்கணக்கான எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நீளமான தசம எண். அதைக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும் சின்ன எண்ணாக மாற்றினால் கால்வாசி இடம் போதும். கொஞ்சம் துல்லியம் குறையும், பரவாயில்லை. இது தவிர, நினைவகத்தில் அதிகம் தொடாத பக்கங்களை மடித்துச் சுருக்கி வைக்கிற ஒரு வசதியையும் முடுக்கினேன். மடிப்பதற்கும் பிரிப்பதற்கும் சிப் சிரமப்படும், அவ்வளவுதான்.

அப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. வேறு என்னவெல்லாம் திறந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால், மழைத் தகவல், முருகன் பாட்டு, வாழைத்தார் விலை, இரண்டு சமையல் குறிப்பு, என் மகள் இனியாவின் பிறந்தநாள் வீடியோ, ஒரு பல்லாங்குழி விளையாட்டு என்று வாங்கிய நாளிலிருந்து திறந்தவை எல்லாம் திறந்தபடியே இருக்கின்றன. ஏன் எதையும் மூடவில்லை என்று கேட்டேன். அக்காவுக்கு மெய்யான கோபம் வந்துவிட்டது.

"ஏத்துன ஆளப் பாதி வழியில எறக்கி விடுறதா? எங்கன படிச்ச அத? நான் இருவத்திரெண்டு வருசத்துல ஒருத்தியக்கூட மெட்டுல எறக்குனதில்ல. காச்ச வந்தவளயும் மடியில போட்டுக் கொண்டாந்துருக்கேன்."

உலகத்தில் எந்தக் கணினிப் பாடப்புத்தகத்திலும் இந்தத் தவறு இருக்காது. செயலியை மூடுவது அவளுக்குத் தொழில் தர்மத்துக்கு விரோதம். முருகன் பாட்டையாவது எடுத்துவிடலாமே, உனக்குத்தான் கேட்காதே என்றேன். "எனக்குக் கேக்காட்டி என்ன, பின்னாடி பதினாலு பேரு கேக்குறாகல்ல" என்றாள். கடைசியில் பாட்டு காசியின் போனுக்கு மாறியது. மற்றவற்றை, "எறக்கி விடலக்கா, இன்னைக்கு ஏத்தவே வேண்டாம்" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். ஏற்றாமல் விடுவதில் பாவம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

6

ஜீப்பில் தமிழ், தோட்டத்தில் மலையாளம். இரண்டையும் ஒன்றாக ஏற்ற இடம் இல்லை. ஆகவே இரண்டு பொத்தான் வைத்தேன், ஜீப்பு என்று ஒன்று, தோட்டம் என்று ஒன்று. எதை அழுத்துகிறாளோ அந்த மொழி மட்டும் நினைவகத்தில் இருக்கும். மலையாளத்தையும் தமிழ் எழுத்திலேயே காட்டும், ஏனென்றால் அவளுக்கு மலையாளம் புரியும், வாசிக்க வராது. இங்கே என் மேசையில் சோதித்தேன், ஓடியது. அங்கே தோட்டம் பொத்தானை அழுத்தியதும் படுத்துவிட்டது. ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். என் மேசையில் இருந்தது நான்கு ஜி.பி. டேப்லெட் என்பதைப் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

கெடு நெருங்கிவிட்டது. ஒரு மதிய உணவு இடைவேளையில், அங்கே சாயங்காலம், அக்கா வீடியோவில் வந்தாள். நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "தோற்றுவிட்டேன் அக்கா. இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றத்தான் செய்கிறேன், ஏற்றும்போது விழுகிறது."

அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்டாள். "எப்படி ஏத்துற?"

எழுதினேன். மலையாளத்தைக் கொண்டுவந்து வைப்பேன், அது சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்ப்பேன், பிறகு தமிழை வெளியேற்றுவேன். பத்திரமான முறை. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம், புதிது தயாராகும்வரை பழையதைக் கைவிடமாட்டோம்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏலே, ஆள் கூடிப்போனா நாங்க என்ன செய்வோம்? ரெண்டு நட அடிப்போம். மொத நட ஆளுகள மேல எறக்கிட்டு, வண்டி காலியா கீழ வரும். வந்தப்பெறகுதான் ரெண்டாம் நட ஆளு ஏறும். நீ என்னடான்னா மொத நட ஆளு உள்ள உக்காந்துருக்கப்பவே ரெண்டாம் நடைய ஏத்துற. வண்டி என்னத்துக்கு ஆகும்?"

நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒரு கணம் இரண்டு மொழியும் ஒன்றாக உள்ளே இருக்கின்றன. நான்கு ஜி.பி.யில் தெரியாது, இரண்டில் மூச்சு முட்டும். இரண்டு வரியை இடம் மாற்றி எழுத வேண்டியதுதான் வேலை. நடுவில் இருபது விநாடி அந்த டேப்லெட்டுக்கு எந்த மொழியும் தெரியாது, அவ்வளவுதான் நஷ்டம். "இருவது நொடி நான் பொறுத்துக்கிறேன், ஒரு வருசம் பொறுத்தவதான" என்றாள். சிரித்தாள்.

7

இனியாவைப் பற்றி ஒரு வார்த்தை. வயது பதின்மூன்று. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அத்தையோடு பேசு என்றால் கைகாட்டிவிட்டு ஓடிவிடுவாள். தமிழ் வகுப்புக்கு மாதம் ஒருமுறை வயிற்றுவலி வரும்.

செயலிக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. "வந்தாக", "அங்கன" என்றால் முழித்தது. ஆகவே ஜீப்புப் பெண்களை ஆளுக்கு நூறு வாக்கியம் பேசி அனுப்பச் சொன்னேன். செயலிக்குப் பழக்கிக்கொடுக்க, அந்தப் பதிவுகளை வாக்கியம் வாக்கியமாக வெட்ட ஆள் தேவைப்பட்டது. வார இறுதியில் இனியா உட்கார்ந்தாள். வெட்டுவது மட்டும்தான் வேலை, புரிய வேண்டியதில்லை என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். இரண்டாம் நாள் ஹெட்போனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்ன என்றால், ராசாத்தி நூறு வாக்கியம் தேறாமல் தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாள். மூன்றாம் நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "ஏலே, நேரமாச்சு" என்றாள். அப்பாவை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

8

திரை 139 என்கிறது. கைபேசி அதிர்ந்தது. அக்காவின் குரல். ஸ்டோர் பக்கம் நின்று பேசுகிறாள், பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

"தம்பி, பாஸாயிட்டோம்லே! மேனேஜரு வேணும்னே கையக் கட்டிக்கிட்டு நின்னு பேசுனாக. எந்தப் பக்கம் காய் எடுக்கணும், எங்கன மருந்தடிச்சிருக்கு, எந்தப் பக்கத்துக்கு எத்தன பேரு போகணும், எல்லாத்தையும் சிலேட்டுல வாசிச்சுத் திருப்பிச் சொன்னேன். அந்த மனுசன் வாங்கிப் பாத்துட்டு, இது எங்க கெடைக்கும், எங்கம்மைக்கும் வேணும்னு கேக்குறாக. நீ அவுகளுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்துரு."

நான் பெஞ்சில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தன் எண் வந்துவிட்டதோ என்று அவரும் எழுந்தார். அடுத்த குரல் வந்தது. இது கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. காலையில ஏறுறப்பவே ஜீப்பு பொத்தான அமுக்கி மடியில வச்சிருந்தேன். மூணு வாரமா அது செத்துச் செத்துப் போனத அவளுக பாத்துட்டாளுகல்ல, இன்னைக்கும் ஓடாதுன்னு வாய்க்கு வந்ததப் பேசுறாளுக. எல்லாம் எழுத்தா ஓடுது. நான் வண்டியில பாடுறேனாம்லே. எனக்குக் கேக்காததால சத்தம் எம்புட்டுன்னு தெரியலயாம். 'காது போனது அக்காவுக்கா நமக்கா'ன்னு ஒருத்தி கேக்குறா. ஒரு வருசமாப் பொறுத்துக்கிட்டு வந்துருக்காளுக, ஒருத்தி வாயத் தொறக்கல.

"அப்பறம் ராசாத்தி சொல்றா. 'காசியண்ணே, இன்னைக்கு என்ன ஆனாலும் சரி, அந்த முன்சீட்டுல நான் உக்கார மாட்டேன். மேனேஜரு சொன்ன அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிட்டேன்'ங்குறா. மத்தவளுக, 'நாங்களுந்தான் சொன்னோம், அக்கா பின்னாடி வந்தா நாங்க அம்புட்டுப் பேரும் எறங்கிருவோம்'ங்குறாளுக. ரெண்டு மாசமா அவுக இப்படிப் பேசி வச்சிருக்கது எனக்குத் தெரியாம, நான் தூங்காமக் கெடந்தேன் பாரு.

"நான் ஒண்ணுந் தெரியாதவ மாதிரி ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தேன். கண்ணு மட்டும் நிக்கல. தோட்டத்துல எறங்குறப்ப ராசாத்தி கையப் புடிச்சேன். என்னக்கான்னு கேட்டா. அது சிலேட்டுல வந்துச்சு. ஒண்ணுமில்லத்தா, வழுக்கும், பாத்து எறங்குன்னேன். நான் வாசிச்சது அவளுகளுக்குத் தெரியவே வேணாம். சாயங்காலம் பாடாம வாரேன், அப்பத் தெரிஞ்சுக்கிரட்டும்."

நான் அதை இரண்டு முறை கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றதில் வீட்டு ஆள் சேராது என்று இனியாவுக்கு மட்டும் அனுப்பினேன். பள்ளி இடைவேளையாக இருக்க வேண்டும், உடனே பதில் வந்தது, தமிழில், எழுத்துப் பிழைகளோடு. "அத்தைகிட்ட சொல்லு, ராசாத்தி அக்காவை எனக்கும் புடிக்கும்."

நிமிர்ந்து பார்த்தால் திரையில் 152. என் எண் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. காவலாளியிடம் போய்க் கேட்டேன். விதி விதிதான், புதிய சீட்டு எடுக்க வேண்டும் என்றார். எடுத்தேன், 204. பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் இவ்வளவு சிரித்த முகத்தோடு யாரும் புதிய சீட்டு எடுத்திருக்க மாட்டார்கள், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்து அக்காவுக்கு எழுதினேன். "இங்கே எனக்கு முதல் நடையில் இடம் தவறிவிட்டது. இரண்டாம் நடையில் ஏறிக்கொள்கிறேன். சாயங்காலம் பாடு அக்கா, அவர்கள் கேட்கட்டும்."